கச்சானில் காட்டிய வீட்டை வாடையில் போய்ப் பார்த்தோம்

தரகர் எனக்கு அந்த வீட்டைக் காட்டியது ஆவணி மாதத்தில், காலை 9 மணிக்கு. உப்புவெளி தாண்டி நிலாவெளி போகிற வழியில், கடற்கரையை ஒட்டிய 45 பேர்ச் காணி, கால் ஏக்கருக்குச் சற்றுக் கூட. இரண்டு மாடி. கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கேற்றைத் திறந்தால் நீச்சல் தடாகம், அதற்கு அங்கால் நாலைந்து தென்னை, அதற்கும் அங்கால் கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்துக் கடல் எப்படிக் கிடக்கும் என்று திருகோணமலையாருக்குச் சொல்லத் தேவையில்லை. காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். அலை எழும்பாது. குளத்தைப் போலக் கிடக்கும். போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்து, ஸ்காபரோவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். அங்கே நள்ளிரவு நெருங்கியிருக்கும். கால் மணி நேரத்தில் அழைத்தாள்.

"தம்பி, இதுதான்டா. இதை விட்டுடாத."

சொகுசு வீடு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. வெளிநாட்டுக் காசு, வீண் பகட்டு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனையாவெளியில் கிடுகுக் கூரையின் கீழ் மாரி இரவுகளில் ஒழுகாத மூலை தேடிப் பாயை இழுத்து இழுத்துப் படுத்தவள் அக்கா. 1988-இல் போனவள், முப்பது வருடத்துக்கு மேல் இரவு வேலை செய்தவள். கடைசிக் காலத்தில் தன் ஊரில், கடல் தெரிகிற, விசாலமான, எந்தக் குறையும் இல்லாத ஒரு வீடு வேண்டும் என்று கேட்டாள். அதைத் தேடிக் கொடுப்பது என் கடமை என்றே நினைத்தேன். அந்த வீட்டுக்கு எட்டரைக் கோடி கேட்டார்கள். அத்தானும் அக்காவும் டொரொண்டோ வீட்டை விற்றால் அந்தக் காசு வரும்.

விற்பவர்களுக்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைதான் கடற்கரை வீடுகளைக் காட்டுவார்கள். தெற்கில் காலி, மாத்தறைக் கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில்தான் எங்கள் கடல் அடங்கியிருக்கும், சுற்றுலாக்காரர் வருவார்கள், புறாமலைக்குப் படகு ஓடும். ஐப்பசி பிறந்தால் தரகர்களின் போன் அடங்கிவிடும். கார்த்திகையில் கடற்கரை வீடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், "மழை விடட்டும் சேர், தையில பாப்பம்" என்பார்கள். ஒரு வீட்டை அவர்கள் காட்டாத நாளில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை அந்த நாலு மாதத்தில் நன்றாக விளங்கிக்கொண்டேன். காட்டாத நாள் என்றால் மாரி நாள் மட்டும் இல்லை. காட்டாத வருடங்களும் இருக்கின்றன.

முதலில் தண்ணீரைச் சொல்கிறேன்.

பின்வளவில் ஒரு பழைய கிணறு கிடந்தது. கட்டு இடிந்து, மேலே இரும்புத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். "அது பாவிக்கிறதில்ல சேர், குழாய்க்கிணறு அடிச்சிருக்கு" என்றார் தரகர். நான் குசினிக்குப் போய்ப் பைப்பைத் திறந்து ஒரு கை ஏந்திக் குடித்தேன். உப்பு. நாக்கின் ஓரத்தில் நின்று பிடிக்கிற உப்பு.

கணக்கு வாத்தியாராக 34 வருடம் இருந்தவன் நான். இந்தக் கணக்கைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் கரையோர மணலுக்குக் கீழே நன்னீர் தனியாகக் கிடப்பதில்லை. மாரி மழை மணலுக்குள் இறங்கி, உள்ளே புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் கனம். அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் எங்கள் கிணறுகள் உயிர் வாழ்கின்றன. கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரைக்கும் நன்னீர் தாங்கும். மேலே கால் அடி இறங்கினால், கீழிருந்து உப்புநீர் 10 அடி ஏறும். துலாவில் வாளி வாளியாக அள்ளிய காலத்தில் அந்த மட்டம் அசையவில்லை. இப்போது மோட்டர் போட்டு இழுக்கிறோம். 10 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் உள்ள ஒரு தடாகத்தை ஒருமுறை நிரப்ப 60,000 லீற்றர் வேண்டும். அப்படிப்பட்ட தடாகங்கள் அந்தக் கரை நெடுக வந்துவிட்டன. ஒருவர் இழுத்தால் அவருடைய கிணறு மட்டும் உப்பாவதில்லை. பக்கத்து வளவில் நாலு கத்தரி, நாலு மிளகாய் வைத்திருக்கிறவரின் கிணறும் சேர்ந்தே போகும். அவரிடம் தடாகமும் இல்லை, தண்ணீர் பவுசர் கூப்பிடக் காசும் இல்லை. ஒருமுறை உப்பேறிய நிலத்தடி ஒரே மாரியில் திரும்பாது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "பில்டர் பூட்டலாம்தானே தம்பி" என்றாள். பூட்டலாம். உப்புநீரை நன்னீராக்கும் இயந்திரம் வாங்கலாம், மின்சாரம் கட்டலாம். அவளுடைய வீட்டுக்கு அது போதும். அந்த ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கு, போதாது.

இரண்டாம் முறை தரகர் இல்லாமல் தனியாகப் போனேன். மாலை நேரம், கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் மடி கரைக்கு வரும்வரை நின்று பார்த்தேன். கீரியும் சாளையும் கொஞ்சம், மற்றதெல்லாம் சருகும் பொலித்தீனும். வலைக்குப் பக்கத்தில் நின்ற வயதான சம்மாட்டி ஒருவர், வலைக்குச் சொந்தக்காரர், என்னையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீடு வாங்கவோ வந்தனீங்கள்?"

"அக்காவுக்குப் பாக்கிறம், அண்ணை."

"வாங்குங்கோ. ஆனா முந்தி எங்கட ஒழுங்கை இந்த மதிலுக்குள்ளாலதான் வந்தது. இப்ப வலையைத் தூக்கிக்கொண்டு உங்கால சுத்திப் போறம்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகுதான் சொன்னார், கோபம் எதுவும் இல்லாமல், தெரிந்துகொள்ளட்டும் என்பதுபோல. "இது இந்த வீட்டுக்காரரின்ர வளவில்லை, தம்பி. இஞ்ச இருந்த ஆக்கள் தொண்ணூறாம் ஆண்டு வள்ளத்தில இந்தியாவுக்குப் போனவை. பிறகு வரேல்ல."

கடற்கரையில் காணி வாங்குகிற எவரும் தரகரை ஒருமுறை கேட்டால், வலை இழுப்பவரை மூன்றுமுறை கேட்க வேண்டும். அலை அடிக்கிற மணல் அரசுக்குரியது, தனியாருக்கு விற்க முடியாது. அது மட்டுமல்ல, உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981-ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி அதற்குள் கட்டவோ மாற்றவோ அனுமதிப்பத்திரம் வேண்டும். சுனாமிக்குப் பிறகு வடக்கு, கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். பிறகு அதைத் தளர்த்தினார்கள். தளர்த்தியதும் முதலில் திரும்பியவை விடுதிகளும் பெரிய வீடுகளும் என்றுதான் எங்கள் கண்ணில் பட்டது. 2004 மார்கழி 26-இல் நிலாவெளிப் பக்கம் கடல் ஏறிய இடத்தில்தான் இந்தக் கண்ணாடிச் சுவரும் நிற்கிறது. வீட்டுக்காரரிடம் கரையோர அனுமதியைக் கேட்டேன். ஒரு பிரதி காட்டினார். அதில் இருந்தது ஒரு மாடி வீடு. நான் நின்றது இரண்டாம் மாடியில்.

அடுத்த மூன்று நாளும் காணிப் பதிவகத்தில்தான் போயின. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இன்று சட்டத்தரணியும், காணி உறுதி எழுதுகிற பிரசித்த நொத்தாரிசும். அவள்தான் கூட வந்தாள். இங்கே காணி வாங்குவதென்றால் கடைசி உறுதியை, அதாவது கடைசிக் காணிப் பத்திரத்தை, மட்டும் பார்த்துவிட்டு எழும்பக் கூடாது. குறைந்தது 30 வருடத்துக்குப் பின்னால் போக வேண்டும். அந்தக் காணிக்கு 2017-இல் ஒரு அறுதி உறுதி, அதாவது முழு விற்பனை, இருந்தது. அதற்கு முன் 2011-இல் ஒன்று. இரண்டும் ஒழுங்காக எழுதி, ஒழுங்காகப் பதிந்தவை. அதற்கு முன் 2004-இல் ஒரு பிரகடன உறுதி. இந்தக் காணியை இத்தனை வருடமாக நானே ஆண்டு அனுபவித்து வருகிறேன், ஆகவே இது எனக்குரியது என்று ஒருவர் தானே சொல்லி எழுதிக்கொள்வது. அதற்கும் முன்னால் போனால் 1974. கடற்றொழில் செய்த ஒருவர் காசு கொடுத்து வாங்கிய உறுதி. 1974-இல் வாங்கியவர் யாருக்கும் விற்கவில்லை. நன்கொடை எழுதவில்லை. சீதனம் கொடுக்கவில்லை. ஈடு கூட வைக்கவில்லை. 30 வருடம் ஒரு வரியும் இல்லை.

அந்தப் பக்கத்தைப் பிள்ளை விரலால் தொட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவளே விளக்கினாள். ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக ஒருவர் 10 வருடம் தடையில்லாமல் காணியை ஆண்டால் அவர் உரிமை கேட்கலாம். அது 1871-ஆம் ஆண்டுச் சட்டம். உரிமையாளர் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு, பார்த்துக்கொண்டு, பேசாமல் இருந்தால் அந்தச் சட்டத்தில் ஒரு நியாயம் உண்டு. 1990 ஆனியில் போருக்குப் பயந்து ஓடியவர் எப்படி வந்து பார்ப்பார்? எப்படி வழக்கு வைப்பார்? அதற்காகத்தான் 2016-இல் ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம், அந்த ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம், வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுத நடவடிக்கைகளால் தன் காணிக்கு வர முடியாமல், நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். வழக்கு வைக்கக் காலவரையறையும் சேர்த்தே வைத்தார்கள். அகதி முகாமில் இருக்கிற எத்தனை பேருக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

"சேர், இதை நீங்க வாங்கலாம்" என்றாள் பிள்ளை. "வழக்கு வந்தாலும் வெல்லவும் கூடும். ஆனா வாங்குங்கோ எண்டு நான் சொல்ல மாட்டன்."

அந்த ஆனி மாதத்தில் நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டு, துணிமூட்டையோடு கோயில் மண்டபத்தில் படுத்தவர்கள்தான். எங்களுக்குத் திரும்பி வர முடிந்தது. கதவு உடைந்திருந்தாலும் வீடு எங்களுடையதாகவே இருந்தது. இவ்வளவுதான் எனக்கும் அந்த 1974 உறுதிக்காரருக்கும் உள்ள வித்தியாசம். அவருடைய வளவில், அவருடைய கிணற்றை மூடிவிட்டு, என் அக்கா நிம்மதியாகக் கடல் பார்க்க முடியுமா?

இதை அக்காவிடம் போனில் சொன்னபோது அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"நாங்களோடா அவையைத் துரத்தினது? நாங்கள் காசு குடுத்துத்தானே வாங்கப் போறம்?"

"இல்லை அக்கா. நாங்கள் துரத்தேல்ல."

"பிறகென்ன?"

நான் பதில் சொல்லவில்லை. ஒரு கிழமை அவள் அழைக்கவில்லை. அந்த ஒரு கிழமைக்குள் தரகர் நாலுமுறை அழைத்தார். கொழும்பிலிருந்து வேறொரு ஆள் வருகிறார், ஒரு சின்ன முற்பணம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், மறித்து வைக்கலாம் என்றார். இதை வாசிக்கிறவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைத்திருங்கள். இலங்கையில் காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். 1840-ஆம் ஆண்டு முதல் இதுதான் சட்டம். வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்து காணியைத் தராது. கொடுத்த காசைத் திருப்பி வாங்கத்தான் நீங்கள் அலைய வேண்டிவரும்.

அக்கா கார்த்திகைக் கடைசியில் தானே வந்து இறங்கினாள். சொல்லிவிட்டு வரவில்லை. கட்டுநாயக்காவில் நின்றுகொண்டுதான் அழைத்தாள்.

மறுநாள் வாடை, வடகிழக்குக் காற்று, பலமாக அடித்தது. கிண்ணியாவிலிருந்து எனக்குத் தெரிந்த மேசன் நானாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம். தரகர் திறப்பைக் காவலாளியிடம் கொடுத்திருந்தார், தான் வரவில்லை. கேற்றைத் திறந்ததும் அக்கா நின்றுவிட்டாள். ஆவணியில் குளமாகக் கிடந்த கடல் மதிலின் அடியில் நின்றது. தென்னையில் இரண்டைக் காணோம். அடியோடு சரிந்து மணலில் கிடந்தன. தடாகத்தில் மண்ணும் பாசியும். கண்ணாடிச் சுவர் முழுக்க உப்புப் படிந்து வெள்ளை பூசியதுபோல இருந்தது, உள்ளே நின்று பார்த்தால் கடல் தெரியவில்லை. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையால் மழைநீர் உள்ளே இறங்கி, படுக்கையறையின் மரத்தரை ஊதிக் கிளம்பியிருந்தது. ஏசியின் வெளிப்பெட்டிகள் மூன்றும் துருவேறித் தகடு தகடாக உரிந்தன. சத்தத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அலை அறைகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரிய கண்ணாடி உள்பக்கமாக அதிர்ந்தது.

நானா சுத்தியலின் பின்பக்கத்தால் மேல்மாடி பல்கனியின் பீமைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது, உள்ளே ஒன்றும் இல்லாததுபோல.

"இங்க பாருங்க மாஸ்டர்." பூச்சை லேசாகத் தட்டினார். உள்ளங்கை அளவு கொங்கிறீற் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி செங்கட்டிபோலச் சிவந்து இருந்தது. "கம்பிக்கு மேல அரை இஞ்சிதான் போட்டிருக்காங்க. கடக்கரையில ரெண்டு இஞ்சி வேணும். உப்பு உள்ள போனா கம்பி ஊதும். ஊதினா வெடிக்கும். மேல பெயின்ற் அடிச்சு மூடி வெச்சிருக்காங்க."

துருப்பிடித்த இரும்பு தன் பழைய அளவைவிடப் பலமடங்கு வீங்கும். அந்த வீக்கம்தான் கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கிறது. மணலைக் கழுவாமல் கலந்திருந்தால் வெளியிலிருந்து உப்பு வர வேண்டிய அவசியமும் இல்லை, கட்டும்போதே உள்ளே வைத்துக் கட்டியதாகிவிடும். கடற்கரை வீட்டுக்கு டைல்ஸ் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்க்கிறவர்கள் கம்பிக்கு மேல் எத்தனை அங்குலம் கொங்கிறீற் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விதான் வீட்டின் ஆயுள். எங்கள் ஊர் 1964 மார்கழிச் சூறாவளியைக் கண்டது. 2020 மார்கழியில் புரெவி எங்களுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. இங்கே கடலுக்கு முகம் கொடுத்துக் கட்டுகிறவர் அந்த நாட்களை நினைத்துக் கட்ட வேண்டும்.

அக்கா பின்வளவுக்குப் போனாள். குடையைப் பிடித்துக்கொண்டு அந்த மூடிய கிணற்றுக்குப் பக்கத்தில் கனநேரம் நின்றாள். திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது. மழையா என்று நான் கேட்கவில்லை.

"வேண்டாம்டா" என்றாள்.

மற்ற வீடு நாங்கள் தேடாமலே வந்தது. திருகோணமலை நகரின் உவர்மலையில், மேற்குச் சரிவில், 1930-களில் கட்டிய பழைய வீடு. சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர், ஓட்டுக்கூரை, மூன்று பக்கமும் விறாந்தை. 1942 சித்திரை 9-ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது கூரையில் பாதி ஓடு சரிந்தது என்று விற்ற அம்மா சொன்னார். மாற்றிப் போட்ட ஓடுகளின் நிறம் இன்றும் வேறாகத்தான் இருக்கிறது. அவருடைய தாய்க்கு 1951-இல் சீதனமாக எழுதியது, தாய்க்குப் பின் இவருக்கு. உறுதித் தொடரைப் பிள்ளை அரை நாளில் பார்த்து முடித்துவிட்டாள். வீட்டு வாசலில் நின்றால் திறந்த கடல் தெரியாது. உள்துறைமுகம் தெரியும், சுற்றிலும் மலை அணைத்த நீர், வாடையிலும் அலை ஏறாத நீர். இரவில் எதிர்க்கரையில் சீனன்குடாப் பக்கத்து விளக்குகள். கடல் என்றால் கிழக்குப் பக்கம் மட்டும்தான் என்று வெளியில் இருந்து வருகிறவர்கள் நினைக்கிறார்கள். இந்த ஊருக்கு உலகம் தேடி வந்தது மேற்கே இருக்கும் இந்த நீருக்காகத்தான்.

குறை இல்லாமல் இல்லை. வைகாசி, ஆனியில் மேற்கு வெயிலும் கச்சானும் நேரே முகத்தில் அடிக்கும். பழையவர்கள் அது தெரிந்துதான் அந்தப் பக்கம் 10 அடி அகல விறாந்தை விட்டு, கூரையைத் தாழ்த்தியிருக்கிறார்கள். வடிவமைக்க வந்த தம்பி அதை இடித்துக் கண்ணாடி போடலாம் என்றார். அக்கா சம்மதிக்கவில்லை.

காசு விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பலருக்கு உதவும். 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜை இலங்கையில் காணி வாங்க முடியாது. அடுக்குமாடி வீடு என்றால் முழுப்பணத்தையும் வெளிநாட்டிலிருந்து அனுப்பி வாங்க வழி உண்டு. நிலத்தோடு வீடு முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. "அதுவரைக்கும் உன்ர பேரில எழுதுவம்" என்றாள் அக்கா. நான் மறுத்தேன். என் பெயரில் எழுதினால் சட்டத்தின் முன் அது என்னுடையது, எனக்குப் பின் என் பிள்ளைகளுடையது. இன்று எங்களுக்குள் அன்பு இருக்கிறது. அதை ஒரு உறுதிக்குள் வைத்துச் சோதிக்க நான் விரும்பவில்லை. இப்படிச் சொந்தத்துக்குள் எழுதி, பிறகு பேச்சற்றுப் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பிரஜாவுரிமைச் சான்றிதழ் வரும்வரை காத்திருந்தோம், அந்த அம்மாவும் காத்திருந்தார். பணம் உண்டியலில், வங்கிக்கு வெளியே ஆள்வழி கைமாறும் வழியில், வரவில்லை. உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வங்கிக்கு வந்தது. அப்படி வந்தால்தான் நாளை விற்க நேர்ந்தாலும் வெளியே கொண்டுபோக வழி இருக்கும். முடிவான விலை 6 கோடி. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். வாங்குபவர் கட்ட வேண்டும். எங்களுக்கு 24 இலட்சத்துக்குச் சற்றுக் குறைய. விலையைக் குறைத்து எழுதினால் தீர்வை குறையும் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அக்கா ஒரே சொல்லில் முடித்தாள்: "வேண்டாம்."

அந்த வீட்டில் இப்போது சொகுசு எல்லாம் இருக்கிறது. அக்கா ஆசைப்பட்ட பெரிய குசினி, அத்தானின் முழங்காலுக்கு ஏற்றமாதிரிப் படி இல்லாத குளியலறை, நல்ல கட்டில், நல்ல விளக்கு. தடாகம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். அதற்குப் பதிலாக முற்றத்துக்குக் கீழே 30,000 லீற்றர் மழைநீர்த் தொட்டி. 300 சதுரமீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அந்த அளவு நீர் வரும் என்று நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். வழியில் போவது போகக் கொஞ்சம் குறையும். ஆனாலும் முதல் மாரியிலேயே நிரம்பி வழிந்தது. வழிந்த சத்தத்தை அக்கா போனில் பதிந்து பிள்ளைகளுக்கு அனுப்பினாள். குழாயில் கந்தளாய்த் தண்ணீர் வருகிறது, அது குடிக்க.

அந்தக் கடற்கரை வீடு மாசியில் வேறு ஒருவருக்குக் கைமாறியது என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்பே, பிள்ளையின் ஆலோசனைப்படி, பதிவேட்டுப் பக்கங்களின் பிரதியை நான் எடுத்து வைத்திருந்தேன். சம்மாட்டி ஆறேழு பேரைக் கேட்டு ஒரு நம்பர் வாங்கித் தந்தார். தமிழ்நாட்டில் ஒரு முகாம். 1974 உறுதிக்காரர் இறந்து பல வருடம். அவருடைய மனைவி இருக்கிறார், எண்பது வயதுக்கு மேல். முதலில் மகள் பேசினாள். பிரதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பிள்ளை அவர்களோடு இரண்டுமுறை பேசி, என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்று ஒளிக்காமல் சொன்னாள். எளிதான வழி எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் அந்த அம்மாவே பேச வேண்டும் என்று கேட்டார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சுத்தான், ஒரு எழுத்தும் மாறவில்லை.

"வீடு கிடக்கட்டும் மாஸ்டர். கிணறு நிக்குதோ?"

"நிக்குது அம்மா."

"எங்கட கிணத்துத் தண்ணிதான் அந்த ஒழுங்கையிலேயே நல்ல தண்ணி. வலை இழுத்துப்போட்டு எல்லாரும் வந்து அள்ளிக் குடிக்கிறவை. இப்பவும் அப்பிடித்தானே?"

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்.

"உப்பாப் போச்சு அம்மா. சுத்தவர மோட்டர் போட்டு இழுக்கினம்."

மறுபக்கம் சத்தம் இல்லை. போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு அந்த அம்மா மெதுவாகச் சொன்னார், வீட்டில் நடக்கிற ஒரு வேலையைச் சொல்வதுபோல.

"அப்ப நாலைஞ்சு மாரிக்கு ஒருத்தரையும் அள்ள விடக் கூடாது."